எரிஞ்சா சொல்லணும்

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இடது கை, உள்பக்கம், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள வெளுத்த இடம். பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் பார்லர் அக்காவுக்கு அங்கே எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும். ஒருநாள் ப்ளீச்சின் வெள்ளைப் பொட்டு. ஒருநாள் மருதாணிக் கோனால் இழுத்த கோடு. இன்னொரு நாள் காய்ந்துபோன முல்தானி மட்டி, அதற்குப் பக்கத்தில் ஹேர் டையின் கறுப்பு, அதற்கும் பக்கத்தில் முடி எடுக்கும் மெழுகுச் சூட்டின் பழைய தடம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி நிற்பார்கள். அக்காவுக்கு அதில் கூச்சமே கிடையாது.

"மூஞ்சிய நம்பிக் குடுக்கறாங்க கண்ணு. மொதல்ல என் கையில போட்டுப் பாத்தாதான் அவங்க மேல போட எனக்குக் கை வரும்" என்பார்.

வீட்டின் முன்னறைதான் பார்லர். சிவாஜிநகரில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஆண்கள் சலூன் நாற்காலி ஒன்று. தலை சாய்க்கும் இடத்தில் யாரோ ஒரு ஆளின் எண்ணெய்க்கறை எவ்வளவு தேய்த்தும் போகாததால், அதன்மேல் பூப்போட்ட துண்டு. ஒரு கண்ணாடி, ஒரு ட்யூப்லைட், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, மேற்குப் பார்த்த ஜன்னல், வாசலில் பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் எல்லாருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தபோது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முதல் வருஷம். கன்னம் இரண்டிலும் பரு. அம்மாதான் அனுப்பினாள். அக்கா என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "இதுவரைக்கும் இன்னா இன்னா போட்ட?" என்று கேட்டார்.

எதையும் வரிசையாகச் சொல்லும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. பற்பசை, மஞ்சள், சந்தனம், உருளைக்கிழங்குச் சாறு, வேப்பிலை, கடைசியாக எலுமிச்சம்பழம் என்றேன்.

"இது மூஞ்சியா, மசாலா டப்பாவா?" என்று சிரித்துவிட்டு, "எலுமிச்சம்பழம் வெச்சப்ப எரிஞ்சுதா?" என்றார்.

"இல்லக்கா."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எரிந்திருந்தது. அன்று இரவெல்லாம் எரிந்திருந்தது. அது எனக்கும் தெரியும், கன்னத்தில் செதில் செதிலாக உரிந்திருந்த தோலைப் பார்த்த அவருக்கும் தெரியும். ஏன் இல்லை என்றேன் என்று அவர் கேட்கவில்லை. "சரி, ஒரு மாசம் ஒண்ணும் போடாத. சும்னே வெறும் தண்ணியில கழுவு" என்று அனுப்பிவிட்டார்.

முதலில் தன்மேல் போட்டுப் பார்ப்பது என்பது அவருக்குத் தொழிலோடு நின்றுவிடவில்லை. சாக்கடை வேலைக்காக எங்கள் தெருவைத் தோண்டிப்போட்டு, குறுக்கே ஒரு பலகை வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு அக்கா வெளியே வந்து, பலகையின் நடுவில் நின்று, புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு குதித்துப் பார்ப்பார். பிறகுதான் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாண்டும். அக்கா பருமன். பலகை உடைந்தால் முதலில் விழுவது தான்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்ததாகத் தோன்றும்.

அக்கா தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே கதை. பையன் பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். இரண்டு வீட்டிலும் எல்லாம் பேசி முடித்த பிறகு அக்கா அவனிடம், "தம்பி, கொஞ்சம் சாமான் வாங்கணும். உங்க ஸ்கூட்டர்ல சிவாஜிநகர் வரைக்கும் இட்டுக்கினு போய் இட்டாந்து வுடறீங்களா?" என்றார். சனிக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மூச்சு முட்டும் நேரம். அங்கே போய் அவர் வாங்கியது ஒரு பொட்டலம் பஞ்சு.

"ஒரு ஆட்டோக்காரன் வந்து சைடுல இடிச்சான் பாரு. புது வண்டி, நல்லா கீறல் வுழுந்துடுச்சு. இந்தப் பையன் எறங்கி தடவிப் பாத்தான். நான் பின்னாடி உக்காந்துக்கினு காத தீட்டிக்கினு இருக்கேன். 'நோட்கொண்டு ஹோகி அண்ணா'ன்னான். பாத்துப் போங்கண்ணான்னு. அவ்ளோதான்!" அக்கா தொடையில் தட்டிக்கொண்டார். "குடுக்கலாம்."

இதெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று ஒருநாள் மெழுகு உருகக் காத்திருந்தபோது அவரே சொன்னார். பார்லர் போட்ட புதிது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ப்ளீச் போட்டிருக்கிறார். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே பெஞ்சில். எரியுதா என்று கேட்டார். இல்லக்கா என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லக்கா.

"கண்ண மூடிக்கினு இருந்தா. மூடுன கண்ணுலேர்ந்து தண்ணி வந்துது. ப்ளீச் நெடிக்கு வருதுன்னு நான் நெனச்சேன். கழுவி எடுத்தா ரெண்டு கன்னமும் வெந்து செவந்து கெடக்குது. ஏம்மா சொல்லலன்னு கேட்டேன். அழகாவணும்னா கொஞ்சம் பொறுத்துக்கணும்னு அம்மா சொன்னாங்கன்றா."

உருகிய மெழுகை அக்கா கரண்டியால் கிளறினார்.

"நம்ம பொண்ணுங்க சொல்லாதுங்க கண்ணு. பல்லு டாக்டர்கிட்டயும் சொல்லாதுங்க, பிரசவ வார்டுலயும் சொல்லாதுங்க. பல்லக் கடிச்சுக்கினு இல்ல இல்லன்னுங்க. அதான், என் கை சொல்லட்டும்னு வுட்டுட்டேன்."

டீ ட்ரீ ஆயில் அந்தப் பச்சைத் திரையைத் தாண்டி வந்தது நான் டிப்ளமா முடிக்கும் சமயத்தில். பார்லர் பார்லராகப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு சேல்ஸ் பெண் கொண்டுவந்தாள். விரல் நீளத்துக்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். "பிம்பிளுக்கு சூப்பர் மேடம். ஃபுல் நேச்சுரல். சைட் எஃபெக்ட் இல்லவே இல்ல" என்றாள்.

"எருக்கம்பால்கூட நேச்சுரல்தான் பாப்பா. ஒரு சொட்டு கண்ணுல வுட்டுக்கறியா?" என்றார் அக்கா.

மூடியைத் திறந்ததும் அறை முழுக்கத் தைலமும் பெயிண்ட் கடையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பெஞ்சில் இருந்தவர்கள் டீத்தூளில் எடுப்பதா என்று மூக்கைச் சுளித்தார்கள். "ஏலக்காய் போட்டுக் குடு" என்றாள் ஒருத்தி. லேபிளைப் படிக்கும் வேலை வழக்கம்போல் எனக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் வளரும் வேறு ஒரு மரம், இலையிலிருந்து வடிப்பது, அப்படியே பூசக்கூடாது, தேங்காய் எண்ணெய் மாதிரி ஏதாவது ஒன்றில் சில சொட்டு கலந்து பூச வேண்டும், உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. படித்துச் சொன்னேன். அக்கா தலையாட்டிவிட்டு, கலக்காமல் அப்படியே தன் கையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டார்.

"அக்கா, கலக்கணும்னு போட்டிருக்கு."

"ஒங்களுக்குக் கலந்து வெக்கறேன். கலக்காத சரக்கு எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அன்று எரியவில்லை. மறுநாளும் இல்லை. எனக்குத் தேங்காய் எண்ணெயில் கலந்து, பரு இருந்த இடத்தில் மட்டும் பஞ்சால் ஒற்றினார். அது மாயமெல்லாம் செய்யவில்லை. மெதுவாக, பல வாரங்களில், பெரிய பருக்கள் சின்னதாயின, புதிது வருவது குறைந்தது, பழைய தழும்புகள் அப்படியே இருந்தன. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்கள் தெருப் பெண்களுக்கும் போதுமாக இருந்தது. டீ ட்ரீ வேணும் என்று அல்சூரிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். பாட்டில் கைக்கு எட்டும்படி ஜன்னல் விளிம்பிலேயே நின்றது. சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்து பழுப்புக் கண்ணாடி தேன் மாதிரி தெரியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் பூசுவதற்கு முன்னால் அக்கா அதைத் திறந்து, அவள் பார்க்கும்படியாக, முதல் சொட்டைத் தன் இடது கையில் வைத்துக்கொள்வார். கலக்காமல். அதே இடத்தில்.

இதற்குள் நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குப் போய்விட்டேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராம் எங்கே தப்புச் செய்யும் என்று தேடுவதுதான் வேலை. அந்தப் புதுத் திமிரில் ஒருநாள் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, உங்க தோல் வேற, அவங்க தோல் வேற. உங்களுக்கு எரியலன்னா அவங்களுக்கும் எரியாதுன்னு அர்த்தம் இல்ல. இந்த டெஸ்ட் செல்லாது."

"அது தெரியாதா எனக்கு? ஒம்போது பேருக்கு ஒம்போது தோலு" என்றார், என் புருவத்துக்கான நூலைப் பல்லில் கவ்வியபடியே. பிறகு நூலை எடுத்துவிட்டு, "எரியுமா எரியாதான்னு பாக்கறதுக்கு இல்லடி. எரிஞ்சா எப்படி எரியும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்பதான் அவ மூஞ்சியப் பாத்தே, ஆங், இப்ப இவளுக்கு எரியுதுன்னு கண்டுபுடிப்பேன். அவதான் சொல்ல மாட்டாளே" என்றார்.

நான் புருவத்தைக் காட்டினேன்.

அடுத்த கோடையில் கை சிவந்தது. முதலில் அந்த ஒரே இடம், பிறகு முழங்கை வரை, பிறகு விரல் இடுக்குகள், ஒருநாள் இரண்டு கண் இமையும் வீங்கிப்போய் கதவைத் திறந்தார். பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். சொறிந்து சொறிந்து தோல் தடித்தது. டீ ட்ரீ பூசினால் சரியாகிவிடும் என்று அதன்மேலேயே அதையும் பூசிக்கொண்டார். மற்ற எல்லாருக்கும் ஆன மருந்து, தனக்கு ஆகாமல் போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். முதுகு முழுக்கச் சின்னச் சின்ன மருந்துப் பொட்டுகள் வைத்து டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். "என்னையே டெஸ்ட் பண்றாங்க பாரு!" என்று வழியெல்லாம் சிரித்தார். திரும்பப் போனபோது டீ ட்ரீ இருந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். திறந்து திறந்து வைத்து வெயில் பட்ட எண்ணெய் காற்றோடு சேர்ந்து மாறிவிடும், புதியதைவிட அதுதான் தோலைக் கெடுக்கும். அதைக் கலக்காமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்ததால் உடம்பு அதை எதிரி என்று தெரிந்துவைத்துக்கொண்டுவிட்டது. இனி எப்போது பட்டாலும், எவ்வளவு கொஞ்சம் பட்டாலும், இப்படித்தான். ஹேர் டையும் ஆகாது என்று தெரிந்தது.

"என் கை படிச்சிடுச்சாம் கண்ணு" என்றார் அக்கா, பஸ்ஸில். "நான் எட்டாங் கிளாஸோட நின்னுட்டேன். அது மேல படிச்சிடுச்சு."

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. கையில் படை வந்தவளிடம் முகத்தைக் கொடுத்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பேச்சு கிளம்பியது. ஒட்டாது என்று நான் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். ஆனால் பார்லரைக் காலி செய்தது அந்தப் பேச்சைவிட அக்காதான். அந்தக் கையில் அவர் டெஸ்ட் பண்ணுவதை நிறுத்தவில்லை. புண்பட்ட தோலில் எதை வைத்தாலும் சிவந்தது. குழந்தைகளுக்குப் போடும் க்ரீம் சிவந்தது. பன்னீர் சிவந்தது. "இது வேணாம் கண்ணு, எரியுது" என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். ப்ளீச் போனது, மெழுகு போனது, ஃபேஷியல் போனது, டீ ட்ரீ போனது. கெட்டுப்போன மீட்டரை வைத்துக்கொண்டு அளந்தால் வீடு முழுக்க ஷாக் அடிப்பதாகத்தான் காட்டும் என்று சொன்னேன். கேட்கவில்லை.

"பூச வேண்டிய பொண்ணு கையிலயே கொஞ்சம் வெச்சுப் பாருங்கக்கா. அதுதான் சரியான முறை. டாக்டரம்மாவும் அதைத்தானே சொன்னாங்க?"

"அவ கையில வெச்சுட்டு, எரியுதா எரியுதான்னு நான் வாயப் பாத்துக்கினு குந்தியிருக்கணுமா? எரிஞ்சாலும் இல்லன்னுதான சொல்லுவா? அப்பறம் மூஞ்சியில எடுத்துப் பூசுவனா?" இடது கையைத் திருப்பிக் காட்டினார். "என் கை இருந்துது, செஞ்சேன். இப்ப கை இல்ல."

எஞ்சியது த்ரெட்டிங் மட்டும். நூலுக்கு டெஸ்ட் வேண்டாம். புருவத்தை மட்டும் வைத்து ஒரு பார்லர் ஓடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸுக்குப் போய்விடலாம் என்று இருப்பதாக அக்கா சொன்னார். அங்கே ஒரே நாளைக்கு எத்தனை காலர் தைக்க வேண்டும், பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

அந்த வாரம் நான் புருவத்துக்குப் போயிருந்தேன். த்ரெட்டிங் முடிந்ததும் பூசும் லோஷனும் தீர்ந்துபோய், அவர் வீட்டுக்காரரின் ஆஃப்டர் ஷேவைப் பஞ்சில் நனைத்து ஒற்றினார். கையில் ரப்பர் கையுறை. சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எரியுதா?"

"இல்லக்கா."

பஞ்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"இன்னாது? இப்பதான் முடி புடுங்கித் தோலு செவந்து நிக்குது. அதுமேல ஸ்பிரிட்டு மாதிரி ஊத்தறேன். கழுதைக்குக்கூட எரியும். எரியலயா உனக்கு?"

"எரியுதுக்கா."

"அப்பறம் ஏன் இல்லன்ன?"

"பழக்கம்."

அக்கா பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் எங்கள் ஆபீஸ் பழக்கம் ஒன்றைச் சொன்னேன். புது டெஸ்ட்டை நம்புவதற்கு முன்னால், கட்டாயம் தப்பு வரும் என்று தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே கொடுத்துப் பார்ப்போம். அதையே தப்பு இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த டெஸ்ட் வேறு எதற்கு என்ன சொன்னாலும் நம்பமாட்டோம்.

அக்கா ஆஃப்டர் ஷேவ் பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகினார்.  கார்மென்ட்ஸ் பேச்சை அன்று எடுக்கவில்லை.

கம்பெனி என்னைச் சென்னைக்கு மாற்றுவதற்கு முன்னால் கடைசியாகப் போனபோது பெஞ்சில் எனக்கு இடமில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். டீ ட்ரீ பாட்டில் திரும்ப வந்திருந்தது. புதுப் பாட்டில். ஜன்னலில் இல்லை, வெயில் படாத அலமாரியில். அக்கா அதன் கிட்டே போவதில்லை. வாசல் ஓரம் நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "தேங்காயெண்ணெயில வுடு. ஆங், போதும். ரொம்ப வுடாத. உன் கையில வெச்சுக்கினு வூட்டுக்குப் போ. நாளைக்கு வந்து காட்டு, அப்பறம் மூஞ்சி" என்று ஒரு பெண்ணுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இடது கையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பழைய இடத்தில் தோல் கறுத்து, கொஞ்சம் தடித்து இருந்தது. அவ்வளவுதான்.

நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்தாள். அவள் அம்மா பக்கத்திலேயே நின்றார். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு புருவத்தை முடித்தார். பிறகு ஆஃப்டர் ஷேவ் பஞ்சு. பெண்ணின் கால் விரல்கள் மடங்கியதை நான் பார்த்தேன்.

"எரியுதா?"

"அதெல்லாம் எரியாதும்மா, அசையாம உக்காரு" என்றார் அம்மா.

"உங்களக் கேக்கலீங்க. எரியுதா கண்ணு?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். "இல்லக்கா."

அக்கா அவள் கழுத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "வூட்டுக்குப் போ."

"ஐயோ, ஞாயித்துக்கெழம கல்யாணம்!" என்றார் அம்மா. "ஃபேஷியலு, ப்ளீச்சு எல்லாம் பண்ணணும்னுதானே இட்டுக்கினு வந்தேன்?"

"இவளுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பொய் சொல்றா. போயி யோசிச்சுட்டு வரட்டும்."

பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பாஸ் ஆனவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அம்மா ஏதோ முணுமுணுத்தபடி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பச்சைத் திரையை விலக்கிய பெண், பாதி வெளியே போனவள், நின்றாள்.

"எரிஞ்சுது" என்றாள்.

"கேக்கல."

"எரிஞ்சுதுக்கா!" தெருவில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். "ரொம்ப எரிஞ்சுது! இப்பவும் எரியுது!"

அக்கா பூப்போட்ட துண்டை எடுத்து உதறி, நாற்காலியில் மறுபடி விரித்தார்.

"வா. உக்காரு."